அடுப்பில் இருந்த பால்

ராகலையில் பஸ்ஸுக்கு நின்றபோது, ஒரு வீட்டு வேலிக்கு வெளியே நீண்டிருந்த ஜெரேனியம் இலை கையில் உரசியது. அந்த மணம் என்னை மண்சரிவில் புதைந்துபோன எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வாசலுக்கே கொண்டுபோய்விட்டது. அங்கே வரிசையாக ஒட்டியிருந்த ஒற்றையறை வீடுகளில், பழைய தகர டின்களில் இதே செடி காம்பறா காம்பறாவாகப் பரவியிருந்தது. ஆனால் யாரும் யாரிடமும் கொப்பு கேட்டதில்லை. கேட்டு வாங்கி நட்டால் வேர் விடாது, சொல்லாமல் ஒடித்து வந்து நட்டால்தான் பிடிக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

அம்மா என் கையைப் பிடித்தபடி பக்கத்துக் காம்பறா செல்லம்மா அத்தையின் செடியருகே நின்று, "என்னமா பூத்திருக்கு!" என்றால் போதும். "இருங்க மதினி, அடுப்புல பால் வச்சிருக்கேன், பொங்கிரும்" என்று அத்தை உள்ளே ஓடுவார். எல்லோரும் பால் விடாத பிளேன்டீ குடிக்கிற லயத்தில், மாடே இல்லாத வீட்டில், யாராவது செடியைப் பார்க்கும்போதெல்லாம் பால் எப்படிப் பொங்குகிறது என்று நான் மூக்கை நீட்டி மோந்துகொண்டே நிற்பேன். அதற்குள் அம்மாவின் முந்தானைக்குள் ஒரு கொப்பு போயிருக்கும்.

இன்று அந்த வீட்டுக்காரம்மா கதவைத் திறந்து, இலையை விடாமல் நின்ற என்னைப் பார்த்தார். முன்பின் தெரியாதவர்.

"எங்க லயத்துல இருந்த செடிங்க இது. இப்ப லயமும் இல்ல, செடியும் இல்ல" என்றேன்.

"அப்படிங்களா?" என்றவர் கொஞ்சம் யோசித்தார். "இருங்க, அடுப்புல பால் வச்சிருக்கேன்."

நான் பஸ் ஏறும்வரை அவர் வெளியே வரவில்லை. பால் வாசமும் வரவில்லை.