பதின்மூன்று நட்சத்திரங்கள்

என் மாமா, அம்மாவின் தம்பி, மாத்தளையில் ஒரு நகைக்கடையில் பழைய வெள்ளி உருக்கும் வேலை செய்தார். உருக்க வந்த சாமானில் அகப்பட்ட ஓர் அமெரிக்க வெள்ளிக் காசை முதலாளியிடம் கெஞ்சி வாங்கி வைத்திருந்தார். கலியாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிற மனிதர், அந்தக் காசிலிருந்த பெண்ணின் முகத்தைத் தினமும் பூதக்கண்ணாடியில் பார்த்தார். அதற்காக அவரைச் சீண்டாதவர்கள் எங்கள் வீட்டில் இல்லை.

எனக்கு எட்டு வயதானபோது அதே ஆண்டின் இன்னொரு காசு அகப்பட்டது; அதையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்று அவரோடு மாத்தளைக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்கப் போயிருந்த என்னைக் கடைக்குள் கூப்பிட்டுக் கண்ணாடியைக் கையில் தந்தார்.

"ரெண்டும் ஒண்ணான்னு நல்லா பாரு புள்ள."

இரண்டிலும் பெண்ணைச் சுற்றிப் பதின்மூன்று நட்சத்திரங்கள். ஒன்றில் கடைசி நட்சத்திரம் அவள் மார்பை ஒட்டியிருந்தது. மற்றதில் விலகி நின்றது. அந்தக் காலத்தில் காசு அடிக்கும் அச்சில் ஒவ்வொரு நட்சத்திரத்தையும் கையால்தான் பதிப்பார்களாம்; அச்சுக்கு அச்சு இடம் மாறுமாம். ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்கு முன் எவனோ ஒருவனின் கை மயிரிழை விலகியதை, எங்கள் ஊர் உக்குவளையில் இரண்டாம் வகுப்புப் படிக்கிற நான் பார்க்கிறேன்! எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

மாமா இதையெல்லாம் ஒரு கொப்பியில் வரைந்து வைத்திருந்தார். பக்கம் பக்கமாக வட்டங்கள், நட்சத்திரங்கள், இடைவெளியை அளந்த கோடுகள், எண்கள்.

திரும்பும் வழியில் ராணுவச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். அதே இடத்தில் போன மாதம் இறக்கப்பட்ட பக்கத்து வீட்டு அண்ணன் இன்னும் வீடு திரும்பியிருக்கவில்லை. மாமாவின் பையிலிருந்த கொப்பியைப் புரட்டிய ஆமிக்காரர், இது எந்த இடத்து வரைபடம் என்று சிங்களத்தில் கேட்டார்.

"சல்லி, மாத்தயா, சல்லி..." வெறும் காசுதான் ஐயா என்று மாமா அந்த இரண்டு காசுகளையும் நீட்டினார். மற்றவர்களை ஏற்றிக்கொண்டு பஸ் போய்விட்டது.

நான் பயப்படவே இல்லை. கண்ணாடி வைத்துப் பாருங்கள் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லி, கடைசி நட்சத்திரத்தை விரலால் காட்டினேன். ஆமிக்காரர் குனிந்தார். மாறி மாறிப் பார்த்தார். பிறகு "மெஹே வரேங்!" என்று இன்னொருவரையும் கூப்பிட்டுக் காட்டினார். கடைசியில் காசு, கொப்பி எல்லாவற்றையும் மாமாவிடமே கொடுத்துப் போகச் சொன்னார்கள்.

ஆமியையே அசத்திவிட்ட பெருமையில் வழியெல்லாம் குதித்துக்கொண்டு வந்தேன். மாமாவின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் கொப்பியை அடுப்பில் வைத்தார். அம்மா தடுக்கவில்லை.

மறுநாள் அவரைச் சந்தோஷப்படுத்த, இரண்டு காசுகளையும் பார்த்துப் பார்த்து, நட்சத்திரங்களைக் கோடுகளோடும் எண்களோடும் என் கொப்பித் தாளில் வரைந்து கொடுத்தேன். வெகுநேரம் கண்ணாடி வைத்துப் பார்த்தார். என் தலையைத் தடவினார். பிறகு அதையும் அடுப்பில் போட்டார்.

ஏதோ ஒரு நட்சத்திரத்தைத் தவறான இடத்தில் வைத்துவிட்டேன் என்று நான் தேம்பித் தேம்பி அழுதேன்.