தாய்மாமன் மடியில் ஒரு பிடி

கீமோவுக்காக என் நெஞ்சில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். ஒரு முனை உள்ளே இதயத்துக்குப் பக்கத்தில். வெளியே இருக்கும் முனையைச் சுருட்டி ஒட்டி, சட்டைக்குள் மறைத்துக்கொண்டு திரிகிறேன். குடும்பம் குடியிருக்கும் வலியசாலையில் தங்கையைத் தவிர யாருக்கும் தெரியாது.

இன்று காலை அவள் குழந்தைக்குக் கோவிலில் முதல் சோறு. தாய்மாமன் மடியில்தான் ஊட்டணும்.

வாசலில் நின்றவர், “ஷர்ட்டு ஊரணும் கேட்டோ” என்றார். இந்த மலையாள ஊர்க் கோவிலில் ஆண்களுக்குச் சட்டை கூடாது. பின்னால் மொத்தக் குடும்பமும் நிற்கிறது. கழற்றினேன்.

வேர்வையில் பிளாஸ்டர் விட்டுப்போய்க் குழாய் தொங்கியது. மடியில் உட்கார்ந்த குட்டிப்பெண் சோற்றைப் பார்க்கவே இல்லை. குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தங்கை பதறிக் கையை நீட்டினாள்.

“கை அலம்பினியா?” என்று தடுத்தேன்.

அவள் விரலெல்லாம் பாயசம். “ஆடாதே அண்ணா, இதோ வரேன்” என்று ஓடினாள்.

நனையக்கூடாது, இழுபடக்கூடாது, கழுவாத கை படக்கூடாது. நர்ஸ் எல்லாம் சொல்லித்தந்திருந்தார். இதைச் சொல்லவில்லை. மூச்சைக்கூட அளந்து விட்டேன்.

போட்டோக்காரர், “சேட்டா, ஒண்ணு சிரிக்கூ” என்றார். சிரித்தேன்.

தங்கை கை கழுவி வந்து, குழந்தையின் பிடியை விரல் விரலாகப் பிரித்தாள். குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் போட்டோ குடும்ப குரூப்புக்குப் போய்விட்டது. “மாமாவை விடவே மாட்டேங்கறா” என்று பெரியம்மா எழுதியிருக்கிறாள். அதற்குக் கீழே மற்றவர்கள் ஒவ்வொருவராக, “நெஞ்சில் அது என்ன?”

ஆறுதல் வேண்டாம். அவர்களுக்கு என்ன பதில் போடுவது என்று மட்டும் சொல்லுங்கள்.