கசந்த அசனச் சோறும் கர்த்தர் தந்த ஆசையும்

எங்கள் கோயிலின் திருநாள் விருந்தான அசனப் பந்தியில் முதல் கவளத்தை வாயில் வைத்த நொடியில்தான் எனக்குப் பொறி தட்டியது. சாம்பார் கசந்தது. அதில் போட்ட உப்பு, அப்பா எங்கள் உப்பளத்திலிருந்து காணிக்கையாகக் கொடுத்தது.

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த வருஷம் அது. பாளையங்கோட்டைக் காலேஜில் இன்டர்மீடியட் ரசாயனத்தில் தவறி, தூத்துக்குடியில் வீட்டோடு கிடந்தேன். "இன்னொரு தடவ கோட்டை விட்டேன்னா கொழும்புல சித்தப்பா கடைதாம்ல ஒனக்கு" என்று அப்பா சொல்லிவிட்டார். காலையும் மாலையும் முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, எப்படியாவது பாஸாக்கும்." எழுந்து புத்தகத்தைத் திறந்தால் கண் எழுத்தில் நிற்கும், மனம் துறைமுகத்தில் நிற்கும். நெட்டுருப் போட்டதெல்லாம் மறுநாள் காற்றோடு போய்விடும்.

பந்தியில் எதிரே இருந்த கடைக்காரர் செல்லையா அண்ணாச்சி சும்மா இருப்பாரா?

"ஏலே, ஒங்கப்பா குடுத்தது உப்பா, வேப்பங்கொழுந்தா? காலேசுக்காரன்தான நீ, சொல்லேம்ல!"

பந்தியே சிரித்தது. அப்பா இலையை விட்டுத் தலை நிமிரவில்லை.

எப்போதோ மனப்பாடம் செய்த வரி அப்போது நினைவில் எழுந்தது. கடல்நீர் வற்றும்போது சோற்றுப்பு முன்னே படியும். கசக்கும் மக்னீசிய உப்புகள் கடைசி நீரில் தங்கும். அசனத்துக்குப் பிந்திவிடக் கூடாதென்ற அவசரத்தில், அப்பா அந்த நீரை வடிக்காமலே உப்பை வாரியிருக்கிறார்! ஆனால் அது ஏன் கடைசியில் தங்குகிறது? எனக்குத் தெரியவில்லை. தெரியாதது முதல் முறையாக என்னை உறுத்தியது.

கை கழுவியதும் கோயிலுக்குள் ஓடினேன். "ஆண்டவரே, பாஸ் உம்முடைய சித்தம். இதை மட்டும் எனக்கு விளங்கப்பண்ணும்" என்று அழுதேன்.

ஜெபம் கேட்கப்பட்டது. பசி மாதிரி ஓர் ஆசை வந்தது. உப்பள வரப்பிலேயே உட்கார்ந்து படித்தேன். மக்னீசிய உப்புகள் நீரில் அதிகம் கரைபவை, அதனால்தான் கடைசிவரை தங்குகின்றன என்று அங்கேதான் விளங்கியது.

"வெயில்ல கெடந்து ஏம்ல கருவுத? வீட்ல இருந்து படியேன்."

"இங்கனதாம்பா புத்தகம் புரியுது."

அப்பா ஓலைக்குடையை என் பக்கம் நட்டுவிட்டுப் போனார்.

தேறினேன். ரசாயனத்தில்தான் அதிக மார்க்! பி.எஸ்ஸி.யில் இடமும் கிடைத்தது. அதே மூளை, அதே புத்தகம். மாறியது ஆசை ஒன்றுதான். அதைத் தந்தவருக்கே ஸ்தோத்திரம்.

பிரியமானவர்களே, தவறிய பிள்ளையை வையாதீர்கள். என்ன தெரிந்துகொள்ள ஆசை என்று கேளுங்கள், அதையே ஜெபமாக்குங்கள். எங்கள் தெரு ஞானராஜ் கணக்கில் தவறியவன். அவன் கண்ணெல்லாம் தோணியின் பாயில்தான். ஒரு தோணிக்காரரிடம் பேசிவிட்டேன். வரும் சனிக்கிழமை, ஜெபித்துவிட்டு, தோணியில் வைத்தே அவனுக்குக் கணக்கைத் தொடங்கப் போகிறேன்.