அப்பாக்களைக் கொன்ற கட்டுரைக்காரன்

இந்த ஊரில் பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பிய அப்பாக்களில் பாதிப் பேரைக் கொன்றவனை நான் ஒரே பார்வையில் நடுங்க வைத்தேன். பாதிப் பேர் என்பது கொஞ்சம் கூடுதல். நடுங்கினான் என்பதும் கூடுதல்தான், அவன் அறையில் ஏசி அப்படி. ஆனால் கொன்றான் என்பதில் ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை. செத்தவர்களில் ஒருவன் என் மகன்.

கட்டுரைக்காரன் என்றால்தான் அவனை எல்லாருக்கும் தெரியும். ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகம். பெரிய பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு, நான் யார், ஏன் படிக்க வருகிறேன் என்று இரண்டு பக்கம் எழுதித் தருவது தொழில். வெளியறைச் சுவர் முழுக்கப் பனியில் நின்று பல்லைக் காட்டும் பிள்ளைகளின் படங்கள். உள்ளறையில் ஒரு மேசை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு டிஷ்யூ பெட்டி. ஜலதோஷக்காரன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பெட்டி வருகிறவர்களுக்காம்.

அவனும் ஒரு காலத்தில் படிப்பில் புலி. மூன்று வருடம் தொடர்ந்து விண்ணப்பித்தான். மூன்று தடவையும் இடம் கிடைத்தது, உதவித்தொகை கிடைக்கவில்லை. வா, ஆனால் செலவு உன்னுடையது என்பது, இலையைப் போட்டுவிட்டுச் சோற்றை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்வது மாதிரி. அவனைவிட மார்க் குறைந்த சிநேகிதனுக்கு முழு ஸ்காலர்ஷிப் வந்தது. அந்தப் பையனுக்கு அப்பா தவறியிருந்தார், அதைக் கட்டுரையில் எழுதியிருந்தான். அன்றைக்கே இவனுக்குத் தொழில் பிடிபட்டுவிட்டது. மூன்று கடிதங்களையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு இன்னும் வைத்திருக்கிறான். எடுத்துக் காட்டினான். நான் இரக்கப்படுவேன் என்று எதிர்பார்த்திருப்பான். படவில்லை.

என் பேத்தியை அழைத்துக்கொண்டு போன அன்று நடந்தது இது. அவள் நாலு வருடமாக மொட்டைமாடியில் எறும்புகளைப் பார்த்துப் பார்த்து எழுதி ஆறு நோட்டு நிரப்பியவள். எறும்பைப் பற்றிப் படிக்க உலகத்திலேயே சிறந்த இடம் எது என்று தேடிக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். இந்திய மாணவர்களில் வருடத்துக்கு இரண்டே பேருக்கு அங்கே எல்லாச் செலவும் கொடுத்துப் படிக்க வைக்கிறார்கள். என் மகனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. அந்த இரண்டில் ஒன்று கிடைத்தால் பேத்தி போகலாம், இல்லையென்றால் இல்லை.

தானே எழுதிய எறும்புக் கட்டுரையை நீட்டினாள். அவன் முதல் வரியைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தான்.

"எறும்புக்கெல்லாம் யாரும் காசு தர மாட்டாங்கம்மா. உனக்கு என்ன கஷ்டம், அதைச் சொல்லு."

"கஷ்டமா? கணக்கு கொஞ்சம்."

"அது இல்ல. வீட்ல யாராவது தவறிட்டாங்களா?"

"பூனை."

"பூனை போதாது."

"ஒரு வாரம் டைம் குடுப்பா, நான் வேணும்னா போய்ச் சேர்றேன்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. நிஜமாகவே யோசித்தான். "பாட்டிங்க போனா பரிதாபம் வராதும்மா. வயசாச்சு, போயிட்டாங்கன்னு விட்டுடுவாங்க."

கடைசி நாளில் விண்ணப்பத்தைத் தானே அனுப்பிவிடுவதாகச் சொல்லி அவளுடைய பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டான். கொடுத்தது எங்கள் முட்டாள்தனம்.

இரண்டு மாதத்தில் இடமும் வந்தது, முழு ஸ்காலர்ஷிப்பும் வந்தது. பேத்தி சாப்பிடாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். அடுத்த வாரம் இன்னொரு கடிதம். உனக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது உன் அப்பா லிஃப்ட் குழியில் விழுந்து இறந்தார் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறாய், நீ இணைத்த சம்பளச் சான்றிதழில் நீ விண்ணப்பித்த மாதத் தேதியில் அவர் கையெழுத்து இருக்கிறது, ஐந்து நாளில் விளக்கம் கொடு. என் மகன் செத்துப்போன செய்தி எனக்கு இப்படித்தான் தெரிந்தது. கட்டுரை உள்ளறையில் தயாராகும், சான்றிதழ்களை வெளியறைப் பெண் சேர்ப்பாள், ஒருவர் செய்ததை ஒருவர் படிக்கிற வழக்கமில்லை. உள்ளே கொன்றார்கள், வெளியே சம்பளம் போட்டார்கள்.

பேத்தியோடு மறுபடி படியேறினேன். அவன் அசையவே இல்லை.

"ஒரு வரியில சரி பண்ணிடலாம். இறந்தவர் சொந்த அப்பா, கையெழுத்து போட்டவர் வளர்ப்பு அப்பா."

"ஓகோ. என் மருமகளுக்கு ரெண்டாங்கல்யாணமும் நீயே முடிச்சு வெச்சுட்டியா? எனக்குச் சொல்லவே இல்லையே."

"கோபப்படாதீங்கம்மா. ஊர்ல எல்லாரும் இப்படித்தான் எழுதறாங்க. உள்ளதை எழுதினா நம்ம பிள்ளைங்க யார் கண்ணுக்கும் தெரிய மாட்டாங்க."

அவன் சொன்னது முழுப் பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது. யார் வீட்டில் எழவு விழுந்தது என்று பார்த்துக் கதவைத் திறக்கிற அந்தப் பெரிய படிப்பாளிகளையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன். அவர்கள் துக்கத்துக்கு மார்க் போட்டார்கள், இவன் கடை விரித்தான்.

பேத்தி வீட்டுக்கு வந்து இரண்டு வரி எழுதினாள். என் அப்பா உயிரோடு இருக்கிறார், அந்தக் கட்டுரையை நான் எழுதவில்லை. கூடவே எறும்புக் கட்டுரையையும் இணைத்து அனுப்பினாள். நாலு நாளில் பதில் வந்தது. ஸ்காலர்ஷிப்பும் ரத்து, இடமும் ரத்து. எறும்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இப்போது இரண்டு பஸ் மாறி ஒரு கல்லூரிக்குப் போகிறாள். அங்கே எறும்புக்கு வாத்தியார் கிடையாது. கட்டுரைக்காரன் அதே மாடியில்தான் இருக்கிறான், வெளியறையில் புதிதாக ஒரு சோபா போட்டிருக்கிறான்.

ஒரு வார்த்தை கேட்காமல் கொள்ளாமல் என் மகனைக் கொன்றவனுக்கு நல்ல சாவு வராது என்று எழுதிக்கொண்டிருந்தேன். கை கழுவிவிட்டு வந்த மகன் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்திருக்கிறான்.

"கேட்காமன்னு எழுதாதம்மா."

"ஏன்?"

"கேட்டார். அனுப்பறதுக்கு முந்தின நாள் போன் பண்ணார். நான் லிஃப்ட் கூரை மேல நின்னு வேலை பார்த்துட்டிருந்தேன். அவளுக்குக் கிடைக்கும்னா எழுதிக்கோங்க சார்னு சொல்லிட்டேன். எப்படி இறந்ததா போடலாம்னு கேட்டார். குழியில விழுந்ததா போடச் சொன்னதும் நான்தான்."