கண்டியில் நான் கையெழுத்திட்ட சத்தியக்கடதாசி

வடக்கிலிருந்து இதய நோயாளி ஒருவரைக் கண்டிக்குக் கூட்டிப்போக இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாளிகையும் வாவியும் பார்க்கப் போகிறவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை.

போர் முடிந்து ஒன்பதாவது வருடம். வவுனியாவில் ஒரு சிறுவர் இல்லத்தில் சனிக்கிழமைகளில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அங்கே வளர்ந்த துளசிகாவுக்குப் பதினாறு வயது. இதய வால்வு ஒன்று கெட்டுப்போயிருந்தது. கண்டியில் ஒரு வைத்தியசாலையில் (பெயர் வேண்டாம்) சத்திரசிகிச்சைக்கு நாள் கிடைத்தது. புதன்கிழமை காலை அனுமதி. இல்லப் பொறுப்பாளர் ஒரு கடிதத்தைக் கொடுத்து என்னை அவளுடன் அனுப்பினார்.

செவ்வாய் காலை ஐந்தே முக்காலுக்கு பஸ். ஏறத்தாழ நூற்றெண்பது கிலோமீற்றர், ஆளுக்கு இருநூற்று அறுபது ரூபாய். தம்புள்ளையில் பத்து நிமிடம் நிற்கும். கழிவறைக்குப் போவதென்றால் அங்கேயே போய்விடுங்கள். அக்குறணைக் கடைவீதி நெரிசலில் மட்டும் அரை மணி நேரம் போனது. கண்டியில் இறங்கியபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

மலிவாகக் கிடைக்கிறதென்று மேட்டில் ஓர் அறை எடுத்திருந்தேன். எழுபத்திரண்டு படிகள். துளசிகா மூன்று இடங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். அவளுடைய உதடுகள் நீலம் பாரித்திருந்தன. கண்டியில் அறை எடுக்கும்போது வாடகையைக் கேட்பதற்கு முன் படிகளைக் கேளுங்கள்.

மறுநாள் எங்களை ஏற்றிப்போன முச்சக்கரவண்டிக்காரர் சிவகுமார் கலஹாவில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். துளசிகா பேசுவதைக் கேட்டு, “பாப்பா பேசுறது ரேடியோவில நியூஸ் வாசிக்கிற மாதிரியே இருக்கு” என்றார்.

“நீங்கள் கதைக்கிறது படத்தில வாற மாதிரி இருக்கு” என்றாள் அவள். அந்தப் பயணத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அனுமதிக் கருமபீடத்தில் இருந்த எழுதுவினைஞருக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் போதாது. வண்டியை ஓரமாக விட்டுவிட்டு சிவகுமார் உள்ளே வந்து மொழிபெயர்த்தார். படிவத்தில் தாய், தகப்பன் என்று இரண்டு வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே உயிருடன், இறந்துவிட்டார் என்ற இரண்டில் ஒன்றை வெட்ட வேண்டும். எங்கள் கடிதத்தில் ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று இருந்தது. படிவத்தில் அதற்கு இடமில்லை.

போரின் கடைசி நாட்களில் பெற்றோர் இருவரையும் படையினர் ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனதைத் துளசிகா ஏழு வயதில் நேரே பார்த்தவள். பிறகு அதிகாரிகள் இரண்டு தடவை வந்து மரணச் சான்றிதழ் தருகிறோம் என்றார்களாம். அவளுடைய பெரியம்மா, தான் சாகும்வரை, அதை வாங்க மறுத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான். வாங்கினால் தேடுவதை நிறுத்தியதாகிவிடும்.

சிவகுமார் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: “உயிரோட இருந்தா கூட்டிட்டு வந்து கையெழுத்து வைக்கச் சொல்றாங்க அக்கா. இல்லாட்டி செத்துட்டாங்கன்னு சத்தியக்கடதாசி வேணுமாம். ரெண்டு மணிக்குள்ள வரலன்னா கட்டில் அடுத்த ஆளுக்காம்.”

இதை விட்டால் வேறு நாள் எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். நாலு மாதம். அவளுக்கு அவ்வளவு காலம் இல்லை என்று வவுனியாவில் டொக்டர் எனக்குத் தனியாகச் சொல்லியிருந்தார்.

துளசிகா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அவை செத்ததை ஆர் கண்டது?”

எனக்கு வந்த கோபத்தை அந்தக் கருமபீடத்தில் காட்டியிருக்க வேண்டும். அவளிடம் காட்டினேன். “ஒப்பரேசன் இல்லாட்டி நீ செத்துப்போவாய், விளங்குதோ?” என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

“விளங்குது மிஸ். ஆனா எழுதாதேங்கோ.”

எழுதினேன். வீதிக்கு எதிர்ப்புறம், சத்தியக்கடதாசிகளை உறுதிப்படுத்தும் ஒரு சமாதான நீதவானின் அறை. இருபது நிமிடம், எழுநூற்றைம்பது ரூபாய். சிங்களத்தில் தட்டச்சுச் செய்ததை சிவகுமார் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் அறிந்தவரை இருவரும் இறந்துவிட்டார்கள் என்று சத்தியம் செய்து கையெழுத்திட்டேன். ஒன்றரை மணிக்குக் கட்டில் கிடைத்தது. நோயாளர் உடுப்பை வாங்கிக்கொண்டு துளசிகா கேட்டாள்: “இனி அவை வந்தா, செத்தவையெண்டு எழுதினதை நீங்களே போய்ச் சொல்லுவீங்களோ?”

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. பதின்மூன்றாம் நாள் வவுனியாவுக்குத் திரும்பினோம்.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று. இறந்தார் என்று சொல்லாமல், காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழும் உண்டு; நாங்கள் போனபோதே இருந்தது. பிரதேச செயலகத்தில் கேளுங்கள். கிடைக்க மாதக்கணக்காகும் என்பதால் நோய் தெரிந்த அன்றே விண்ணப்பியுங்கள். அப்படி ஒன்று இருப்பதை இல்லத்திலோ வைத்தியசாலையிலோ எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நானும் விசாரிக்கவில்லை. படித்தவள் நான்.

துளசிகா இப்போது படியேறுகிறாள். என்னோடு பேசுகிறாள். போன மாதம் அந்தக் கடதாசியைத் திருப்பி எடுக்க முடியுமா என்று கேட்டாள். கண்டிக்குத் தனியாகப் போய்க் கேட்டேன். கோப்பில் சேர்ந்தது சேர்ந்ததுதான் என்றார்கள். அவளுடைய பெற்றோரைக் கொண்டுபோனவர்கள் இன்றுவரை எழுதித் தராத ஒரு வசனம், என் கையெழுத்துடன் அங்கே இருக்கிறது.