இரண்டாவது மத்தியஸ்தர்

சிங்கப்பூரில் செங்காங் அடுக்குமாடி வீட்டை அப்பா எனக்கும் தம்பிக்கும் சேர்த்து விட்டுப் போனார். அதில் நானும் கணவரும் மகளும் குடியிருக்கிறோம். தம்பி மனைவியோடு ஜூரோங்கில் மாமனார் வீட்டில் இருக்கிறான். இந்த அரசு வீட்டில் பெயர் இருக்கும்வரை, விதிப்படி அவன் புது வீடு வாங்க முடியாது. விற்க உத்தரவிடக் கேட்டு என்மேல் வழக்குப் போட்டான். மகள் உயர்நிலைப் பள்ளியை முடிக்க இரண்டு ஆண்டு இருந்தது. அதுவரை விற்க வேண்டாம் என்பது மட்டுமே என் பதில்.

விசாரணைக்கு முன் மத்தியஸ்தரை வைத்துப் பேசிப் பார்க்கச் சொன்னது நீதிமன்றம். அலுவலகத்தில் நாங்கள் இருவரும் ஆங்கிலம் பேசுகிறவர்கள். சண்டை மட்டும் தமிழில்தான் வரும். அதனால் தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று இருவருமே கேட்டோம்.

பட்டியலில் மூன்று பெயர்கள் வந்தன. முதலாமவர் என் கணவரின் பழைய மேலதிகாரி. அடுத்தவர் தம்பியின் கல்யாணப் பந்தியில் சாப்பிட்டவர். ஓய்வுபெற்ற வழக்கறிஞரான மூன்றாமவரை இருவருக்கும் தெரியாது. அவரை ஒப்புக்கொள்ளவே ஐந்து வாரம் ஆயிற்று.

முதல் அமர்வில் அவர் அதிகம் பேசவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது மணி நேரத்தில் தம்பி இறங்கிவந்தான்.

"சரி லா, புள்ள படிப்பு முடியட்டும். அதுக்கு மேல ஒரு நாள் கேக்காதீங்கக்கா."

அடுத்த அமர்வில் கையெழுத்து என்று முடிவாயிற்று.

இடையில் தீபாவளி வந்தது. அமர்வுக்கு என்னுடன் வந்திருந்த கணவர், சிராங்கூன் சாலைக் கூட்டத்தில் மத்தியஸ்தரைப் பார்த்துவிட்டார். கையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை நீட்டினார். அவர் ஒருமுறை மறுத்தார், இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை அதை இரு தரப்பு வழக்கறிஞர்களுக்கும் எழுதித் தெரிவித்தார்.

"பாத்தும் பாக்காத மாதிரி வந்திருக்கலாம்ல?" என்று கணவரிடம் கேட்டேன்.

"தீபாவளியும் அதுவுமா மனுஷன் எதிர்ல நிக்கிறாரு. மூஞ்சத் திருப்பிக்கிட்டு வரச் சொல்றியா?"

"கேஸ் முடியற வரைக்கும் திருப்பிக்கத்தான் வேணும்."

"கால் கிலோ முறுக்கு. அதுக்குப் போய் வீட்ட எழுதிக் குடுத்துடுவாரா?"

தம்பியின் வழக்கறிஞர் ஆட்சேபித்தார். மத்தியஸ்தர் விலகினார். யார்மேலும் குறை சொல்ல முடியவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

மீண்டும் பட்டியல், மீண்டும் மின்னஞ்சல்கள். இரு தரப்புக்கும் அறிமுகமில்லாத தமிழர் ஒருவர்கூட அகப்படவில்லை. கடைசியில் ஒரு சீனப் பெண்மணி வந்தார். அதற்குள் நான்கு மாதம் போயிருந்தது. முதல் அமர்வில் பேசியது முதல் மத்தியஸ்தரோடு போயிற்று, அவருடைய குறிப்புகள் ரகசியம், புதியவருக்கு வராது. ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள் என்றார்.

சொன்னேன். தம்பி இரண்டு ஆண்டுக்கு ஒப்புக்கொண்டதையும் சொன்னேன். கையெழுத்தாகாத எதுவும் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று அவன் நிதானமான ஆங்கிலத்தில் பதில் சொன்னான். எனக்குத் தமிழ் வந்துவிட்டது.

"உன் வாயால சொன்னியாடா இல்லியா?"

"சொன்னேன். அன்னைக்கே கையெழுத்துக் கேட்டிருந்தா போட்டிருப்பேன். இப்ப அவ மாசமா இருக்கா. கைப்புள்ளயோட மாமனார் வீட்டு ஹால்ல எத்தன நாள் படுக்கறது?"

"எத்தன மாசம்?"

"அஞ்சு. சொல்லலாம்னுதான் இருந்தேன்."

என்ன பேசினீர்கள் என்று மத்தியஸ்தர் கேட்டார். குடும்ப விஷயம், வழக்குக்குத் தொடர்பில்லாதது என்றான் தம்பி ஆங்கிலத்தில். நான் மறுக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து, உடன்பாடு இல்லை என்று அவர் எழுதிக்கொண்டார்.

அன்று மாலையே மகளின் பள்ளிக்குப் பக்கத்தில் வாடகை வீடு பார்க்கத் தொடங்கினேன்.