வெய்க்கோவின் முட்டியும் எங்கள் ஊர் நிக்கலும்

சட்பரியில் வெய்க்கோ இறங்காத சுரங்கம் இல்லை. துருப்பிடிக்காத கரண்டிக்கும், நெருப்பைத் தாங்கும் விமான எஞ்சினுக்கும் நிக்கல் அனுப்புகிற ஊர் எங்களுடையது. அந்த நிக்கல்தான் அவர் உடம்புக்கு ஆகாது. கால்சட்டைப் பொத்தான் பட்டாலே தொப்புளைச் சுற்றிக் கொப்புளம். ஓய்வுபெற்ற அன்று நிர்வாகம் கொடுத்த நிக்கல் கைக்கடிகாரம் இன்னும் டப்பாவில் கிடக்கிறது.

இப்போது முட்டி தேய்ந்துவிட்டது. செயற்கை முட்டி வைக்க வேண்டும். அதிலும் கொஞ்சம் நிக்கல் கலந்திருக்கிறதாம்! பக்கத்து வீட்டுக்காரன் எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. சனிக்கிழமைதோறும் அவர் வீட்டு சவுனாவில், அதுதான் நீராவிக் குளியலறையில், ஒன்றாக உட்கார்ந்து வியர்க்கிறவர்கள் நாங்கள். மேல்தட்டில்தான் நல்ல சூடு. அவரோ ஏற முடியாமல், சிறுபிள்ளைகள் உட்காரும் கீழ்த்தட்டில் முனகிக்கொண்டிருந்தார். மறுபடி மேலே ஏற வேண்டும், அவ்வளவுதான் மனுஷனின் ஆசை.

எந்தெந்த உலோகம் ஆகாது என்று பார்க்க முதுகில் மருந்துப் பட்டைகளை ஒட்டினார்கள். "பிரிக்கிற வரைக்கும் குளிக்காதீங்க, வேர்க்கவும் கூடாது" என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள். நடுவில் சனிக்கிழமை வந்து தொலைந்தது. எனக்குக் காய்ச்சல், அவர் தனியாகப் போனார். பிறந்ததிலிருந்து பழகிய கால், தானாக அங்கே நடந்துவிட்டது. சூடான கல்லில் தண்ணீர் ஊற்றி, வியர்த்துக் கொட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. பட்டைகள் எல்லாம் தரையில்.

"உன் மண்டைக்குள்ளயும் நிக்கல்தான்யா இருக்கு, ஒண்ணும் இறங்காது!" என்று அவர் மனைவி ஹில்க்கா கத்தினாள்.

அடுத்த தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போனது. பொறுக்கமாட்டாமல், பழைய சுத்த நிக்கல் காசு ஒன்றை வயிற்றில் ஒட்டிக்கொண்டார். அந்த இடம் வட்டமாகச் சிவந்து கொப்புளித்ததும், டாக்டரிடம் போய்ச் சட்டையைத் தூக்கினார்.

"இதுக்கு மேல என்ன டாக்டர் அத்தாட்சி வேணும்?"

"நிக்கல் ஆகாதுன்னு நம்புறேன். செயற்கை முட்டியில இருக்கிற கோபால்ட்டும் குரோமியமும் ஆகுமான்னு காசு சொல்லுமா? பட்டை ஒட்டித்தான் ஆகணும். இந்தத் தடவை சவுனா பக்கம் தலைவெச்சுப் படுக்காதீங்க."

மார்ச்சில் மறுபடி ஒட்டினார்கள். சனிக்கிழமை நான் மேல்தட்டில் தனியாக உட்கார்ந்திருந்தேன். வெளியே பனியில், கோட்டுப் போட்டுக்கொண்டு, விறகுக் கட்டையின்மேல் வெய்க்கோ. ஹில்க்கா எவ்வளவு கூப்பிட்டும் அவர் வீட்டுக்குள் போகவில்லை.

"டேய், தண்ணி ஊத்தினியா? சத்தமே கேக்கல!"

ஒரு கரண்டி ஊற்றினேன். கல் சீறியது.

"கேட்டுச்சா?"



"இன்னொண்ணு ஊத்துடா, பாழாப்போனவனே."